பார்க்காமல் எடுத்த தாள்

யாரும் பார்க்க மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்த ஒரு பொருளை, கண்ணால் பார்க்காமல் கையால் மட்டும் தொட்டால், அந்த வாக்கு உடைந்துவிட்டதா, இல்லையா?

ஏழு மாதங்களாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அலைகிறேன். மகளுக்குச் சோறு ஊட்டும்போது உடையவில்லை என்று தோன்றும். ஊட்டி முடித்து வாயைத் துடைத்துவிடுவதற்குள் உடைந்துவிட்டது என்று தோன்றும்.

நீங்கள் மூன்று பேரும் வருகிற திங்கட்கிழமை நம் கலைக்கூடத்தில் வேலைக்குச் சேர்கிறீர்கள். இந்த மாதக் கடைசியோடு நான் விலகுகிறேன். டிரம் விவகாரத்தால்தான் போகிறாள் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். அது உண்மையில்லை. என் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். வருடத்தில் எட்டு மாதம் வீட்டில் இருக்க மாட்டார். மகளை நம் மாவட்டத்திலேயே உள்ள நாசரேத்தில் அம்மா வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருக்கிறேன். அவ்வளவுதான் காரணம். இதை எழுதும்போதே, இது முழுக் காரணமா என்று ஒரு முறை யோசித்தேன். முழுக் காரணம்தான்.

உப்புக் காற்றில் எந்த ஆணி துருப்பிடிக்காது, மழைக்காலத்தில் தாள் ஓவியங்களை எந்தச் சுவரில் மாட்டக்கூடாது, சரக்குப் பெட்டியில் ஏற்றும்போது எத்தனை சுற்று கட்ட வேண்டும் என்பதெல்லாம் அலுவலகத்தில் இருக்கும் நீலக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன். கோப்பில் எழுத முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் ஒரு நாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு இப்படி ஒன்று வரும். அப்போது கோப்பைப் புரட்ட நேரம் இருக்காது.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

போன ஆண்டு நாம் நடத்திய கண்காட்சி முழுவதும் நகல்களைப் பற்றியது. ஒரு சுவரில் துறைமுகத்துப் பளுதூக்கி இயந்திரத்தின் புகைப்படம் ஒன்று இருந்தது. அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அப்படியே சுவர் முழுக்க ஒட்டிக்கொண்டு போனால், கடைசித் தாளில் பளுதூக்கி கரைந்து ஒரு சாம்பல் மேகம் மட்டும் மிஞ்சியிருந்தது. உப்பளத்துத் தராசு ஒன்றை மாற்றியமைத்து, அதில் ஏறி நிற்பவரின் நிழலை நிறுப்பது போலச் செய்திருந்தார்கள். ஆனால் ஊர் முழுக்கப் பேசியது ஒரே ஒரு இயந்திரத்தைப் பற்றித்தான்.

அதை உருவாக்கிய கலைஞர் சென்னையிலிருந்து வந்தவர். என்னைவிடச் சில வயது மூத்த பெண். அதற்கு 'மறுபடி' என்று பெயர் வைத்திருந்தார். தையல் மிஷினின் மிதியடி, சைக்கிள் சங்கிலி, குடைக்கம்பிகளால் ஆன இரண்டு நீளக் கைகள். உங்கள் தாளைப் பலகையில் விரித்து, காலால் மிதித்துக்கொண்டே, ஒரு கையின் நுனியால் உங்கள் படத்தின் கோடுகளைத் தடவிக்கொண்டு போக வேண்டும். மற்றொரு கை, நீல மைப் பேனாவால் அதே கோடுகளைப் பக்கத்துத் தாளில் வரையும். மிதித்தால்தான் கை நகரும், மிதித்தால் கை நடுங்கவும் செய்யும். அதனால் யாருடைய நகலும் நேராக வராது. வீடு சாய்ந்திருக்கும், மாட்டுக்கு ஐந்து கால் இருக்கும். எல்லோரும் சிரிப்பார்கள். வரைந்து முடித்ததும், சங்கு குளிப்பவர்கள் கடலுக்குள் மூச்சுக்குப் பயன்படுத்தும் காற்றுக்குழாய் ஒன்று 'ஹக்' என்று இருமி, உங்கள் அசல் தாளை ஊதி, பின்னாலிருக்கும் ஒரு தகர டிரம்முக்குள் தள்ளிவிடும். நகல் உங்களுக்கு. அசல் டிரம்முக்கு. அந்தச் சத்தத்தால் ஊரில் அதற்கு இருமல் மிஷின் என்றே பெயராகிவிட்டது.

டிரம்மின் மூடியில் கலைஞர் அரக்கு முத்திரை வைத்திருந்தார். அது ஒருபோதும் திறக்கப்படாது. கண்காட்சி முடிந்ததும் அப்படியே கப்பலேறி வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றுக்குப் போகும். அங்கும் திறக்கப்படாது. பார்க்கவே முடியாத அசல்கள் நிறைந்த ஒரு டிரம். அதுதான் அவருடைய படைப்பு.

இயந்திரத்தின் பக்கத்தில் வைக்க வேண்டிய அறிவிப்பை அவர் ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். தமிழில் எழுத வேண்டியது என் வேலை. அதில் இரண்டு செய்திகள் இருந்தன. உங்கள் தாள் உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது. அதை இனி யாரும் பார்க்க மாட்டார்கள், நான் உட்பட.

முதல் வாரம் கூட்டம் இல்லை. நம் கூடத்தின் இயக்குநர் ஒரு நாளைக்கு நான்கு முறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்பக் கிடைக்காது" என்ற வரியைப் பலகையில் பார்க்கும்போது எனக்கே முகத்தில் அடித்தது போல இருந்தது. வருகிறவர்கள் பயந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அந்த வரியை எடுத்துவிட்டு, வேறு பலகை எழுதி வைத்தேன். தாளை விரியுங்கள், மிதியுங்கள், நகலை எடுத்துச் செல்லுங்கள், உங்கள் தாளை யாரும் பார்க்க மாட்டார்கள். விடுபட்ட செய்தியை நானே ஒவ்வொருவரிடமும் இதமாக, வாயால் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். சொல்லவும் செய்தேன். நான் இருந்த நேரமெல்லாம் சொன்னேன்.

இளையவர்களே, வாயால் சொல்லிவிடலாம் என்று நினைத்து எந்த வரியையும் பலகையிலிருந்து எடுக்காதீர்கள். பலகைக்குக் காய்ச்சல் வராது. அதன் மகளுக்கும் வராது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மகளின் விளையாட்டுப் பள்ளியிலிருந்து போன் வந்தது. உடம்பு கொதிக்கிறது என்றார்கள். இசக்கி அண்ணாச்சியிடம் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். அண்ணாச்சியை நீங்கள் திங்கட்கிழமை பார்ப்பீர்கள். துறைமுகத்தில் பளுதூக்கிகளுக்கு மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம் கூடத்தில் ஓடுவது, எரிவது, சுற்றுவது எல்லாம் அவர் கையால்தான். அவருக்கு இயந்திரத்தை மிதிக்கச் சொல்லிக்கொடுக்கத் தெரியும். அந்த விடுபட்ட வரி தெரியாது. அதை அவரிடம் நான் சொன்னதே இல்லை.

நான் இல்லாத அந்த இரண்டு மணி நேரத்தில் வந்தவர்தான் மதலேன் அக்கா.

அவர் மறுபடி வந்தது கண்காட்சியின் கடைசி நாளுக்கு மறுநாள். டிரம்மை ஏற்றிப்போக மூன்று மணிக்கு லாரி வருவதாக இருந்தது. பகல் பன்னிரண்டு மணி. சுவர்கள் பாதி காலியாகிவிட்டிருந்தன. ஐம்பது வயதிருக்கும், வெள்ளைப் புள்ளி போட்ட நீலச் சேலை, கையில் மஞ்சள் பை. வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"டீச்சர், கண்காச்சி முடிஞ்சிட்டுன்னு சொன்னாக. ஒரிஜினல வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

என்னைப் பார்க்கிறவர்கள் பலரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். திருத்துவதை விட்டுவிட்டேன்.

"எந்த ஒரிஜினல் அக்கா?"

"இந்த மிஷின்ல காப்பி எடுத்தேம்லா. அந்த அண்ணாச்சி உள்ள பத்திரமா இருக்குன்னாரு. வெரிபிகேசன் முடிஞ்சதும் தருவாகன்னு இருந்தேன்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். காலையில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்கள் சான்றிதழ்களோடு நிற்பார்கள். அப்பா அசலைக் கையில் வாங்குவார், ஜெராக்ஸோடு ஒப்பிடுவார், பச்சை மையில் கையெழுத்துப் போடுவார், முதலில் அசலைத்தான் திருப்பிக் கொடுப்பார். அடுத்தவர் அசல் மேசையில் இருக்கும்போது அவர் காப்பி டம்ளரைக்கூடப் பக்கத்தில் வைக்க விடமாட்டார். இந்த ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரிந்த முறை இது. அசலைக் கேட்டால் கொடுக்க வேண்டும், சரிபார்த்துத் திருப்பித் தருவார்கள். மதலேன் அக்கா எங்களை நம்பியது அந்த முறையை நம்பித்தான். அந்த முறையிலேயே வளர்ந்த நான்தான் அந்த வரியை எடுத்தவள்.

"அக்கா, அது என்ன தாள்?"

அவர் பையிலிருந்து எங்கள் நகலை எடுத்து விரித்தார். நீலக் கோடுகள். ஒரு தேவாலயக் கோபுரம், ஒரு புகைபோக்கி, ஒரு கலங்கரை விளக்கு, தீவு போல ஒரு திட்டு. எல்லாம் குடித்துவிட்டு நிற்பது போல ஆடிக்கொண்டிருந்தன.

அவர் கணவர் சங்கு குளிப்பவராக இருந்தவர். கடலுக்கு அடியில் சங்கும், ஒரு காலத்தில் முத்துச் சிப்பியும் கிடைக்கும் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். தனக்கு மட்டும் தெரிந்த ஒரு பாருக்குப் போகும் கரை அடையாளங்களை அவர் பென்சிலால் ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் வரைந்து வைத்திருந்தார். கோபுரம் புகைபோக்கிக்கு எவ்வளவு இடப்பக்கம் தள்ளித் தெரிய வேண்டும், அதே நேரத்தில் கலங்கரை விளக்கு தீவின் எந்த முனையைத் தொட வேண்டும். இரண்டும் ஒத்துவரும் இடத்தில் நங்கூரம் போட வேண்டும். கண்காட்சிக்கு முந்தைய வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. அந்த அடையாளங்களை அவர் போனிலும் குறித்து வைக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. இப்போது மருமகன் சொந்தமாகக் குளிக்கப் போகிறார். அவருக்கு அந்தப் பார் வேண்டும். பென்சில் கோடு மங்கிக்கொண்டே வந்தது. ஜெராக்ஸ் கடையில் எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள்தான் வந்தது. நம் இயந்திரம் தொட்ட கோட்டையெல்லாம் பேனாவால் வரையும் என்று யாரோ சொல்லி, அதை நம்பி வந்திருக்கிறார்.

"மருமவன் இதப் பாத்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? யத்த, இந்த வழியாப் போனா பாருக்கு இல்ல, கொழும்புக்குத்தான் போவணும்ங்கான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்திருக்கக்கூடாது, ஆனால் சிரித்துவிட்டேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் கலைஞரும் பார்வையாளர்களும் ரசித்த அந்த நடுக்கம், காகிதத்தில் ஒரு நகக்கண் அளவு. கடலில் அது மைல் கணக்கு.

"காப்பி சரியா வராட்டாலும் கவலையில்ல டீச்சர். ஒரிஜினல்தான் இங்கன இருக்கே."

நான் அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே போய் கலைஞருக்குப் போன் செய்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பலகையில் ஒரு வரியை எடுத்ததையும் சொன்னேன்.

"நீங்க ஏன் எடுத்தீங்க?"

"பயந்து போயிடுவாங்கன்னு."

"பயந்து போகட்டும்னுதான் எழுதினேன். யோசிச்சுட்டு வர்றவங்க மட்டும் வரட்டும்னு." அவர் குரல் உயரவில்லை. "பாருங்க, எனக்கும் அந்தம்மாவை நினைச்சா கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அந்த டிரம்ல வேற எத்தனை பேர் என்னென்ன போட்டிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும். நீங்களே சொன்னீங்க, ஒரு பொண்ணு அழுதுக்கிட்டே மிதிச்சான்னு. அவங்க எல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்கன்னு நம்பித்தான் போட்டாங்க. ஒருத்தருக்காக அத்தனை பேருக்குக் குடுத்த வாக்கை உடைப்பீங்களா? முத்திரையை உடைச்சா அது என் வேலையே இல்ல. அனுப்ப மாட்டேன்."

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

இயக்குநருக்குப் போன் செய்தேன். அவர் மதுரையில் ஒரு கூட்டத்தில் இருந்தார். "நீங்க அங்க இருக்கீங்க, நீங்களே பார்த்து முடிவெடுங்க" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இது உங்களுக்கும் நடக்கும். மேலே இருப்பவர் உங்களை நம்பி விட்டுவிட்டாரா, தப்பித்துக்கொண்டாரா என்று ஆராய அப்போது உட்காராதீர்கள். முடிவு உங்கள் மடிக்கு வந்துவிட்டது என்பது மட்டும் போதும்.

மணி பன்னிரண்டே முக்கால்.

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். உண்மையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன். அந்தப் பெண் அழுதுகொண்டே மிதித்தது எனக்கு நினைவிருந்தது. இன்னொன்றும் நினைவிருந்தது. கண்காட்சியின் இரண்டாம் வாரம், ஆள் இல்லாத ஒரு மதியம், நானும் ஒரு தாளைப் போட்டிருந்தேன். மகள் பிறந்த மூன்றாம் மாதம், அவளுடைய பழைய தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் நான் எழுதிய சில வரிகள். அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதால்தான் போட்டேன். அதனால் அந்த வாக்கு எவ்வளவு கனம் என்பதை நான் அறிவேன். அதை இன்னொருவர் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மதலேன் அக்கா அந்த வாக்கைக் கேட்டே வரவில்லை. அவர் கேட்டது நகல். அவரிடம் சொல்ல வேண்டியதை நான் சொல்லாமல் விட்டேன். அது கலைஞரின் வாக்கிலும் சேராது, மற்றவர்களின் நம்பிக்கையிலும் சேராது. என் கடன்.

வெளியே வந்து, எப்படி என்று தெரியாமலே, "எடுத்துத் தாரேன் அக்கா" என்று சொன்னேன்.

சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன். சில சமயம் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கிறது. என்னைப் போல எதையும் மூன்று முறை யோசிப்பவர்களுக்கு இது முக்கியம். வாயை முதலில் அனுப்பிவிட்டால் கால் பின்னால் வந்துதான் ஆக வேண்டும்.

"அட்டைல ஏதாவது அடையாளம் இருக்கா அக்கா? கண்ணால பாக்காம, கையால தொட்டே கண்டுபிடிக்கிற மாதிரி?"

அவர் யோசிக்கவே இல்லை. "ஓரம் கிழிஞ்சிட்டு வருதுன்னு நாலு பக்கமும் வலை நூலால தச்சிருக்கேம்லா. மிஷின் அதான அன்னைக்கு ரெண்டு மட்டம் இருமிச்சு."

இசக்கி அண்ணாச்சி அதுவரை தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார். அவர் பெயரைச் சொல்லி நான் யாரிடமும் குறை சொல்லவில்லை. இருந்தும் அவர் முகம் சுண்டிப் போயிருந்தது. "உள்ள பத்திரமா இருக்குன்னு நாந்தானம்மா சொன்னேன்" என்றார்.

"நான் உங்ககிட்ட சொல்லல அண்ணாச்சி. நீங்க என்ன செய்வீங்க. இப்ப இந்த இடத்த இருட்டாக்க முடியுமா?"

"எவ்வளவு இருட்டு?"

"கை தெரியாத இருட்டு."

அவர் முகம் மாறியது. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. நம் கூடம் ஒரு காலத்தில் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கி என்பது உங்களுக்குத் தெரியும். பின்பக்கச் சரக்கறைக்கு ஒரே ஒரு ஜன்னல். டிரம்மை அங்கே உருட்டிக்கொண்டு போனோம். அண்ணாச்சி ஜன்னலுக்குத் தார்ப்பாய் அடித்தார், கதவிடுக்கில் சாக்கைத் திணித்தார், மெயின் ஸ்விட்சை இறக்கினார். மூன்று பேருடைய போன்களும் வெளியே மேசையில். வெளியே உச்சி வெயில் கொளுத்துகிறது, உள்ளே கிணற்றுக்குள் நிற்பது போல இருக்கிறது.

அரக்கை நான்தான் உடைத்தேன். அண்ணாச்சி திருப்புளியை நீட்டியபோது, "இத நான் செய்யணும்" என்று வாங்கிக்கொண்டேன். உடைந்த சத்தம் பப்படம் நொறுங்குவது போலச் சின்னதாக இருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது.

"நானே தேடுதேன் டீச்சர்" என்றார் மதலேன் அக்கா இருட்டிலிருந்து. "நான் தச்ச நூலு எனக்குத் தெரியாதா?"

அவர் கைதான் சீக்கிரம் கண்டுபிடிக்கும். அது எனக்கும் தெரியும். ஆனால் மற்றவர்களிடம் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொன்னது நான். உள்ளே ஒரு கை போகத்தான் வேண்டும் என்றால், பிறகு பதில் சொல்ல வேண்டியவளின் கையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். சரியா தெரியவில்லை.

"நான் எடுக்கேன் அக்கா. நீங்க சொல்லுங்க."

முழங்கைவரை உள்ளே விட்டேன். தாள்கள், தாள்கள். ஒரு புகைப்படத்தின் வழுவழுப்பு. எட்டாக மடித்து, பிரித்து, மறுபடி சுருண்டுகொண்ட ஒன்று. சொரசொரப்பான மணல்காகிதம் ஒன்று, அதில் யார் என்ன வரைந்தார்களோ. என் கை அவசரப்பட்டது. ஒன்றைப் பிடித்து, விட்டு, இன்னொன்றைப் பிடித்தேன். தாள் சலசலப்பதைக் கேட்டே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏளா, பிடிக்காத. தடவு."

டீச்சர் காணாமல் போய்விட்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரவுக சொல்லுவாக, கலங்கல் தண்ணில கண்ணத் தொறந்துட்டுத் தேடுதவன் வெறுங்கையோட வருவான்னு. பிடிச்சா மண்ணும் சேந்து வரும். தடவுனா சங்கு தானே சொல்லும். மெதுவா போ."

மெதுவாகப் போனேன். ஒவ்வொரு தாளின் ஓரத்தையும் மட்டும் விரலால் தொட்டு நகர்ந்தேன்.

அப்போது ஒரு அட்டை. நான்காக மடித்த தடம், மூலையில் நூல் கோக்கும் துளை. தடுப்பூசி அட்டை. என்னுடையது.

ஒரு நிமிடம் என் கை அதன் மேலேயே இருந்தது. அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டால் இருட்டில் யாருக்கும் தெரியாது. இவ்வளவு தூரம் திறந்தாகிவிட்டது, இன்னும் ஒன்றுதானே. எடுத்திருந்தால், பிறகு யார் கேட்டாலும், இவருக்காகத்தான் திறந்தோம் என்று மதலேன் அக்காவின் பக்கம் கையைக் காட்டியிருப்பேன். எனக்காகவும்தான் திறந்தேன் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

விரலை நகர்த்தினேன்.

"ஏளா, என்ன சத்தத்தையே காணோம்?"

"இருக்கேன் அக்கா."

அதற்குக் கீழே மூன்றாவதோ நான்காவதோ. விரல் நுனியில் நைலான் நூலின் முடிச்சு. ஒன்று, இன்னொன்று, ஒரே இடைவெளியில். இழுத்து எடுத்து, இருட்டில் நீட்டினேன். அவர் கை என் கையைத் தேடி வந்து வாங்கிக்கொண்டது. கட்டைவிரல் ஓரம் முழுக்க ஓடுவது கேட்டது.

"இதான்" என்றார். பிறகு ஒரு மூச்சு. "இதான், இதான்."

மூடியை வைத்து அழுத்திய பிறகுதான் ஸ்விட்சைப் போடச் சொன்னேன். வெளிச்சத்தில் முதன்முறையாக அந்தப் பென்சில் படத்தைப் பார்த்தேன். கோடுகள் நேராக இருந்தன. கோபுரத்துக்கும் புகைபோக்கிக்கும் நடுவே ஒரு தீக்குச்சியின் கனம் இடைவெளி. அவ்வளவு நிதானமான கை.

அரக்கு இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன்: இந்த டிரம் ஒரு முறை திறக்கப்பட்டது, ஒரு தாள் அதற்குரியவரிடம் கொடுக்கப்பட்டது, வேறு எதுவும் பார்க்கப்படவில்லை. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு மூடியின் மேல் ஒட்டினோம். அண்ணாச்சி, "கிரீன் இங்க் வேண்டாமாம்மா?" என்று கேட்டார். அதற்கான தகுதி என்னிடம் இல்லை என்றேன். நீலத்தில் போட்டேன்.

திறந்ததை யாருக்கும் சொல்லாமல் புது முத்திரை வைத்திருக்கலாம். அரக்கு வாங்க கடைக்குப் பத்து நிமிடம். அண்ணாச்சி போய்வரத் தயாராகவும் இருந்தார். அப்படிச் செய்திருந்தால் லாரி டிரம்மை ஏற்றிக்கொண்டு போயிருக்கும், கலைஞருக்கும் மனவருத்தம் இருந்திருக்காது. ஒரு வரியை மறைத்ததால் வந்த வினையை இன்னொரு வரியை மறைத்துச் சரிசெய்ய எனக்கு மனம் வரவில்லை. இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. இதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கலைஞரிடம் போனில் சொன்னேன். "அப்போ அது 'மறுபடி' இல்லை. 'மறுபடி'யோட நகல்" என்றார். கோபமா, கேலியா, அழுகையா என்று புரியவில்லை. லாரி இயந்திரத்தையும் தராசையும் மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. டிரம் நின்றுவிட்டது. ஒரு வாரம் கழித்து இரண்டு வரிக் கடிதம் அனுப்பினார். இனி அந்த டிரம் என்னுடையதல்ல, உங்களுடையது, என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து மதலேன் அக்கா வந்தார். பார் கிடைத்ததா என்று கேட்டேன்.

"கெடச்சிட்டு. சங்குதான் கம்மி. யாரோ முந்திட்டானுவ." கையை விரித்தார். "தாள் மேல குத்தமில்ல. இன்னும் நாலு மட்டம் போய்ப் பாக்கணும்ங்கான்."

பிறகு ஒன்று சொன்னார். நம் இயந்திரம் வரைந்த அந்த ஆடும் நகலைக் கணவரின் கட்டிலுக்கு எதிரே ஒட்டியிருக்கிறாராம். "அதப் பாத்தா அவுக சிரிக்காக டீச்சர். பாதி வாய்தான் சிரிக்கும். ஆனா சிரிக்காக." கலைஞருக்கு இதை எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. படித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு பெண் வந்தார். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். டிரம் திறக்கப்பட்டது என்று நாம் வாசலில் ஒட்டிய அறிவிப்பைப் படித்துவிட்டு வந்திருந்தார். உட்காரவில்லை.

"நீங்க பாக்கலன்னு நான் எப்படி நம்புறது?"

இருட்டைப் பற்றிச் சொன்னேன். தார்ப்பாயைப் பற்றி, போன்களைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது வெறும் சமாளிப்பாகக் கேட்டது.

"தொட்டீங்கள்ல?"

"தொட்டேன்."

"அப்ப எனக்கு அதத் திருப்பிக் கொடுங்க."

"எது உங்களுடையதுன்னு நான் பாக்காம எடுக்க முடியாதே."

அவர் என்னையே பார்த்தார். "அந்தம்மாவுக்கு மட்டும் முடிஞ்சுதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் தாளுக்கு ஓரத்தில் தையல் இல்லை. அது அவருடைய தவறா?

அந்த டிரம் இப்போது பின்பக்கச் சரக்கறையில், ஜன்னலுக்குக் கீழே, பழைய போர்வையால் மூடி இருக்கிறது. சரக்கறைச் சாவி நீலக் கோப்பின் கடைசி உறையில் இருக்கிறது. திங்கட்கிழமை முதல் அது உங்கள் பொறுப்பு.

பல வழிகளை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஊரெல்லாம் அறிவித்து, வருபவர்கள் ஒவ்வொருவராக இருட்டில் கையை விட்டு எடுத்துக்கொள்ளட்டும் என்றால், ஒருவர் கை இன்னொருவர் தாளில் படும். எரித்துவிடலாம் என்றால், வைத்திருப்பார்கள் என்று நம்பிப் போட்டவர்களுக்கு நான் என்ன சொல்வேன்? அப்படியே மூடி வைத்திருக்கலாம் என்றால், எத்தனை காலத்துக்கு? கூடத்தையே ஒரு நாள் மூடினால் யார் எடுத்துக்கொண்டு போவார்கள்? கடலில் போட்டுவிடலாம் என்றார் அண்ணாச்சி. "நம்ம வலைலயே மாட்டிக் கரைக்கு வந்துரும்" என்று அவரே தலையை ஆட்டிக்கொண்டார்.

நான்கு வருடம் இங்கே வேலை பார்த்திருக்கிறேன். இதற்கு மட்டும் எனக்கு விடை தெரியவில்லை. நீங்கள் புதியவர்கள், படித்தவர்கள், அந்த இருட்டறையில் நிற்காதவர்கள். அதனால் உங்களுக்கு ஒருவேளை தெளிவாகத் தெரியலாம். அந்த டிரம்மை என்ன செய்யலாம் என்று, சேர்ந்து ஒரு மாதத்துக்குள் யோசித்து எனக்கு எழுதுங்கள். என் தாளும் உள்ளே இருக்கிறது. எனக்காகப் பார்த்து எதையும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.